சுங்கை சிப்புட் திடலில் ஐந்து லென்ஸ் குழாய்கள்: எதில் என்ன தெரிந்தது?

60/900காரர்:

எந்தத் தொலைநோக்கிக் குழாய் நல்லது என்ற கேள்விக்கு இந்த இழையில் இடமில்லை. எதில் என்ன தெரிந்தது, எது தெரியாமல் போனது, காரணம் லென்ஸா, தாங்கியா, காற்றா, பனியா என்பதை மட்டும் எழுதுங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் திடலில் அருகருகே நின்றவை ஐந்து ரிஃப்ராக்டர்கள், அதாவது லென்ஸ் தொலைநோக்கிகள்: பழைய ஜப்பான் 60/900, அப்புறம் 80/910, 80/600 இடி (ED, நிறம் அதிகம் பிரியாத கண்ணாடி), 102/1000, 102/500. முதல் எண் லென்ஸின் விட்டம், அடுத்தது குவியத் தூரம், இரண்டும் மில்லிமீட்டரில். ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் தப்பு, ஒரே 10 மி.மீ. ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸை) எல்லாக் குழாயிலும் மாற்றி மாற்றிப் போடுவது. 102/500இல் அது 50 மடங்கு, 102/1000இல் 100 மடங்கு. 50 மடங்கில் எந்த லென்ஸும் அழகாகத்தான் காட்டும். எல்லாவற்றையும் 100 மடங்குக்குக் கொண்டுவந்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். 60/900க்கும் 80/910க்கும் 9 மி.மீ., இடிக்கு 6, 102/1000க்கு 10, 102/500க்கு 5.

டயகனலும் (ஐபீஸுக்கு முன் ஒளியை மடக்கித் திருப்பும் துண்டு) ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதையே ஐந்துக்கும் மாற்றுங்கள். நட்சத்திரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரிந்தால் உடனே லென்ஸைத் திட்டாதீர்கள். டயகனலைத் திருப்பும்போது இழுப்பும் சேர்ந்து திரும்பினால் குறை டயகனலில். ஐபீஸைத் திருப்பும்போது திரும்பினால் ஐபீஸில். தலையைச் சாய்த்ததும் இழுப்பும் சாய்ந்தால் குறை கண்ணில், கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியதுதான். இவை மூன்றும் இல்லாவிட்டால் மட்டும் லென்ஸைப் பற்றிப் பேசலாம்.

102/500காரர்:

அண்ணே, இந்த வரிசையில் அதிகம் ஏச்சு வாங்குவது 102/500 தான். காரணம் ஊதா நிறம். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: குவிய விகிதத்தை (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) அங்குல விட்டத்தால் வகுக்க வேண்டும். விடை 3க்கு மேல் இருந்தால் நிறப்பிழையை (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாததை) பொறுத்துக்கொள்ளலாம் என்பது சிட்ஜ்விக் அளவு. 5க்கு மேல் இருந்தால் நிறமே தொந்தரவு செய்யாது என்பது கான்ராடி அளவு, அது கொஞ்சம் கறார். 60/900க்கு 6.4 வருகிறது, 80/910க்கு 3.6, 102/1000க்கு 2.4, 102/500க்கு வெறும் 1.2. இந்தக் கணக்கு கிரவுன், ஃபிளின்ட் என்ற இரண்டு சாதாரணக் கண்ணாடி வகைகளைச் சேர்த்த இரட்டை லென்ஸுக்குத்தான் பொருந்தும். இடி கண்ணாடியை இதில் போடக்கூடாது.

திடலில் தெரிந்ததும் கணக்கை ஒட்டியே இருந்தது. வியாழனைச் சுற்றி 102/500இல் ஊதாப் புகை, இரண்டு பட்டைகளும் கழுவிவிட்ட மாதிரி வெளிறிக் கிடந்தன. 60/900இல் படம் மங்கல், ஆனால் விளிம்பு கத்தி போல.

இதற்குக் காசில்லாத வைத்தியம் அட்டை மூடி. தடித்த கறுப்பு அட்டையில் 60 மி.மீ. வட்டம் வெட்டி லென்ஸுக்கு முன்னால், சரியாக நடுவில் பொருத்துங்கள். குழாய் 60/500 ஆகிவிடும், கணக்கு 3.5க்கு ஏறும். ஒளி மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஆனாலும் நிலாவுக்கும் வியாழனுக்கும் அது தாராளம். கார்த்திகைக் கூட்டம், ஓரியன் நெபுலா, ஒமேகா சென்டாரி என்று வரும்போது மூடியைக் கழற்றி 25 மி.மீ. ஐபீஸ் போட்டுப் பாருங்கள். 20 மடங்கில் இந்தக் குழாய்தான் ராஜா, இடி கூடப் பக்கத்தில் வர முடியாது. இது கோளுக்குச் செய்த குழாய் இல்லை. கோளைக் காட்டச் சொல்லிவிட்டு ஏசுவது நியாயமா?

80/600 இடிக்காரர்:

நியாயம்தான் தம்பி. ஆனால் இடி என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கண்ணாடி நிறத்தை எவ்வளவு குறைவாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்வது அபே எண். எஃப்பிஎல்-51 வகைக் கண்ணாடிக்கு அது ஏறக்குறைய 81.5, எஃப்பிஎல்-53க்கு 95ஐ ஒட்டி வரும். ஃபுளோரைட் படிகமும் அந்த 95 பக்கம்தான். சாதாரண பிகே7 கண்ணாடிக்கு 64. எண் ஏற ஏற நிறங்கள் ஒரே புள்ளியில் குவிவது சுலபம். இரண்டு கண்ணாடிக்கும் குழாயின் மேல் ஒரே ‘இடி’ முத்திரைதான் குத்தியிருக்கும். எந்தக் கண்ணாடி என்று எழுதாத விளம்பரத்தை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். கண்ணாடி உயர்ந்ததாக இருந்தாலும் கூடவரும் இணைக் கண்ணாடியும் மெருகும் சரியில்லாவிட்டால் பலன் இல்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. திரிசங்குவின் (தெற்குச் சிலுவை) அடி நட்சத்திரம் ஆக்ரக்ஸ், சுமார் 4 விகலை (ஒரு விகலை பாகையில் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியுள்ள அழகான இரட்டை. நம் ஊரில் அது உச்சத்துக்கு வந்தாலும் 22 பாகை உயரம்தான். அங்கே காற்றே பட்டகமாகி ஒளியைப் பிரித்துவிடும்: ஒரு ஓரம் சிவப்பு, எதிர் ஓரம் நீலம். விலையுயர்ந்த லென்ஸிலும் அப்படித்தான் தெரியும், அது லென்ஸின் குற்றம் இல்லை. லென்ஸின் நிறப்பிழை நட்சத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் வளையமாகப் படரும். காற்றின் நிறம் மேல் ஓரம், கீழ் ஓரம் என்று பிரிந்து நிற்கும். நிறத்தைச் சோதிக்க சிரியஸைப் பிடியுங்கள், இங்கே 68 பாகைக்கு ஏறும். ரைஜல் 77 பாகை. ரைஜலுக்கு ஒன்பது விகலை சொச்சத்தில் மங்கலான துணை ஒன்று உண்டு. 60இல் அது பிரகாசத்துக்குள் ஒளிந்துகொண்டு கண்ணாமூச்சி காட்டும், 80 இடியில் 100 மடங்கில் பட்டென்று தெரியும்.

பிரிக்கும் திறனுக்கு டாஸ் கணக்கு: 116ஐ விட்டத்தால் வகுக்க வேண்டும். 60க்கு 1.9 விகலை, 80க்கு 1.45, 102க்கு 1.14. இது சம ஒளியுள்ள ஜோடிக்கு மட்டும். கேட்டை நட்சத்திரத்துக்கு 2.7 விகலையில் பச்சை போலத் தோன்றும் துணை இருக்கிறது. கணக்குப்படி 60இல் பிரிய வேண்டும், பிரியாது, ஏனென்றால் ஒளி வித்தியாசம் அவ்வளவு. 102/1000இல், காற்று அசையாத நேரத்தில், 150 மடங்குக்கு மேல்தான் முயல வேண்டும். இங்கிலாந்துக்காரர்களுக்குக் கேட்டை அடிவானத்தில் தவழும். நமக்கு 58 பாகை உயரத்தில் நிற்கிறது, அந்த வசதியை வீணாக்காதீர்கள்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அருந்ததியைக் காட்டுங்கள். கல்யாணத்தில் அம்மி மிதித்துக் காட்டும் ஜோடிதான். ஆனால் வசிட்டரே இரட்டை, இடைவெளி 14 விகலை, 60/900இலேயே சுத்தமாகப் பிரியும்.

பழைய ஜப்பான் குழாய் சேர்ப்பவர்:

பண்டல் கடைகளில் (பழைய பொருள் விற்கும் கடைகள்) ஜப்பான் பழைய சாமானோடு 60 மி.மீ. குழாய்கள் வருகின்றன. பெட்டியில் 525 மடங்கு, 675 மடங்கு என்று போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். விட்டத்தின் இரு மடங்குக்கு மேல், அதாவது 60க்கு 120க்கு மேல், படம் பெரிதாகும், விவரம் கூடாது. நீள்வட்டமாகத் தங்க நிறச் சோதனை ஸ்டிக்கர் இருந்தால் ஏற்றுமதிக்காகப் பரிசோதித்த குழாய் என்று மட்டும் அர்த்தம். ஐம்பது வருடம் கழித்து லென்ஸ் எப்படி இருக்கிறது என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது.

கடையிலேயே செய்ய வேண்டியவை. கைப்பேசி விளக்கை லென்ஸுக்குப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் பூசணம். ஓரத்தில் மட்டும் இருந்தால் வாங்கலாம், நடுவில் படர்ந்திருந்தால் கண்ணாடியையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் போகாது. அடுத்து ஐபீஸ் துளை. பழையவை 24.5 மி.மீ., இப்போதையவை 31.7 மி.மீ. நடுவில் ஒரு மாற்று வளையம் போட்டால் பழைய குழாய்க்குப் புது உயிர். பழைய பெட்டியில் வரும் 4 மி.மீ. ஐபீஸைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம்.

ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி பெட்டியில் இருந்தால் அன்றைக்கே உடைத்துப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். குவிந்த வெயில் நேராக அதன் மேல் விழுகிறது, சூடேறி விரிசல் விட்டால் கண் போயிற்று. சூரியனுக்கு வடிகட்டி லென்ஸுக்கு முன்னால், முழு விட்டத்தையும் மூடித்தான் இருக்க வேண்டும். ஃபைண்டரையும் (குழாயின் மேல் குறிபார்க்க இருக்கும் சிறு குழாய்) மூட மறக்காதீர்கள்.

லென்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் இரண்டு கண்ணாடியின் ஓரத்திலும் சேர்ந்தாற்போல் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள், முனை வானத்தைப் பார்க்கட்டும். எது முன், எது பின், எந்தக் கோணம் என்பதெல்லாம் அந்த ஒரு கோட்டில் அடங்கும். கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுவிட்டு லென்ஸ் கெட்டது என்று விற்ற குழாய்கள் நிறைய. இரண்டுக்கும் நடுவில் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று மெல்லிய தகட்டுத் துண்டுகள் இருக்கும். ஒன்று விழுந்தாலும் கண்ணாடி சாய்ந்துவிடும். திருகு வளையத்தை இறுக்கவே கூடாது: கண்ணாடியைத் தொட்டதும் ஒரு மயிரிழை பின்னால் தளர்த்துங்கள். இறுக்கினால் நட்சத்திரம் முக்கோணமாகத் தெரியும்.

60/900காரர்:

தகடு ஒன்று காணாமல் போயிருந்தால் என்ன போடுவது, ஐயா?

பழைய ஜப்பான் குழாய் சேர்ப்பவர்:

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். மிஞ்சிய தகட்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே தடிமனில் ஒரே அலுமினிய டேப்பிலிருந்து மூன்றையும் வெட்டுங்கள். மூன்றும் சமமா என்று பார்க்க, டியூப் லைட் வெளிச்சம் லென்ஸில் எதிரொளிக்கும்படி பிடியுங்கள். வளையங்கள் நடுவில் மையம் கொண்டால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கினால் ஏதோ ஒரு தகடு தடித்திருக்கிறது.

வானத்தில் சோதிக்கத் துருவ நட்சத்திரம் நமக்கு உதவாது. 5 பாகை உயரத்தில் செம்பனை மட்டைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும். பகலில் செயற்கை நட்சத்திரம் செய்யலாம்: சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைக் கறுப்புத் துணியில் வைத்து, வெயில் பட 20 மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். அந்தத் தூரத்தில் 900 மி.மீ. குழாய்க்கு ஃபோகஸ் 42 மி.மீ. கூடுதலாக வெளியே வர வேண்டும், நீட்டுக் குழாய் தயாராக இருக்கட்டும். ஃபோகஸுக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியும் வளையங்கள் ஒரே மாதிரி இருந்தால் அந்த லென்ஸைக் கைவிடாதீர்கள்.

102/1000காரர்:

லென்ஸைப் பற்றியே பேசுகிறோம். நம் ஊரில் பாதிப் பிரச்சினை தாங்கி. கடை இக்யூ தாங்கிகளில் (ஓர் அச்சை வானத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் வகை) பல, அந்த அச்சை 15 பாகைக்குக் கீழே இறக்கவே விடாது. நம் ஊர் அட்சரேகைக்குத் தேவை 5. ஒரு காலைத் தெற்கே வைத்து, வடக்குப் பக்கத்து இரண்டு கால்களையும் சுருக்குங்கள். தெற்குக் காலிலிருந்து வடக்குக் கால்களின் கோட்டுக்கு 90 செ.மீ. என்றால், 10 பாகை சாய்க்க 16 செ.மீ. சுருக்க வேண்டும். எடை வடக்கே போகும், 5 லிட்டர் தண்ணீர்க் கலனைத் தெற்குக் காலில் கட்டுங்கள். ஒற்றைக் காலை வடக்கே வைத்தால் எதிர் எடை அதில் முட்டும், அதனால்தான் தெற்கு. திசைகாட்டியை இரும்புத் தாங்கியிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

இந்தப் பாடெல்லாம் படமெடுப்பவருக்கு. கண்ணால் பார்ப்பவருக்கு மேல்-கீழ், பக்கவாட்டுத் தாங்கியே சுகம். கிழக்கே எழும் நட்சத்திரம் இங்கே ஏறக்குறைய நேர்செங்குத்தாக ஏறுகிறது, ஒரு கை மேலே தள்ளினால் போதும். எந்தக் கோளும் உச்சத்தில் 60 பாகையை ஒட்டியோ அதற்கு மேலேயோ நிற்கும். அப்போது நீளக் குழாயின் ஐபீஸ் தாழ்ந்துவிடும், 60/900க்கும் 102/1000க்கும் தாங்கியின் தலை 140 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

80/600 இடிக்காரர்:

பனி விஷயம் யாருமே எழுதவில்லை. நடுநிசிக்குப் பிறகு புல்தரையில் ஒரு மணி நேரத்தில் லென்ஸ் வெளுத்துவிடும். பனிக்குழல், அதாவது லென்ஸுக்கு முன்னால் நீளும் குழல், விட்டத்தின் ஒன்றரை மடங்காவது நீளம் வேண்டும். அதுவும் போதாது என்றால், 330 ஓம் ரெசிஸ்டர் 12ஐ, ஒவ்வொன்றும் 1 வாட் தாங்குவதாக, இணையாகப் பற்றவைத்து, லென்ஸ் இருக்கும் இடத்தில் பனிக்குழலைச் சுற்றி ஒரு பட்டை கட்டுங்கள். 12 வோல்ட்டில் 0.44 ஆம்பியர், 5 வாட் சொச்சம். 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஓர் இரவு தாங்கும். கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகும், ஒவ்வொன்றிலும் 0.44 வாட் ஓடுகிறது. பனி விழுந்த லென்ஸைத் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். ஏர்கான் அறையிலிருந்து எடுத்தால் மூடியைத் திறக்காமல் 45 நிமிடம் வெளியே வையுங்கள்.

பழைய ஜப்பான் குழாய் சேர்ப்பவர்:

சேமிப்பும் அதே கதைதான். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், 60ஐத் தாண்டினால் பூசணம். காற்றுப் புகாத 50 லிட்டர் பெட்டிக்கு அரைக் கிலோ சிலிகா ஜெல், ஆரஞ்சு நிற வகை. நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, அடுப்படிக்குள் வேண்டாம். நிறம் மாறினால் 110-120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடியும் உழைக்கும். அரிசியில் புதைக்கும் பழக்கத்தை விடுங்கள், அந்தத் தூள்தான் பூசணத்துக்குச் சோறு. ஈரமானியை நம்புவதற்கு முன் ஒரு மூடி உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, அதோடு ஒரே பிளாஸ்டிக் பைக்குள் இரவு முழுக்கக் கட்டி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துப் படியுங்கள்.

102/500காரர்:

மரப்பெட்டியை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கரையான். பனிக்குழலையும் ஃபைண்டரையும் திறந்து போட்டால் ஒரே வாரத்தில் மண்குளவி கூடு கட்டிவிடும். காய்ந்த மண்ணைச் சுரண்டினால் லென்ஸ் பூச்சு போய்விடும். காற்றூதியால் தளர்ந்த தூளை நீக்கி, மீதியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, அழுத்தாமல் எடுங்கள்.