ஜியான்ட்4 சிமுலேஷன்ல ஈய டங்ஸ்டேட் கலோரிமீட்டர் (துகள் ஆற்றலை அளக்கும் கருவி): ரெசல்யூஷன் நம்ப முடியாத அளவு நல்லா வருது, எதை விட்டிருக்கேன்?

கிண்டி_மாணவி:
செர்ன்ல இருக்கிற சிஎம்எஸ் கருவியோட பேரல் (உருளை வடிவ நடுப்பகுதி) மாதிரி 23 செ.மீ. நீளப் படிகங்களை 5×5 அடுக்கா வச்சு, நடுப் படிகத்தில் எலக்ட்ரான் விடுறேன். இயற்பியல் மாடல் எஃப்டிஎஃப்பி_பெர்ட், கட் (இதைவிடக் குறைவான தூரமே போகும் துகள்களைத் தனியா உருவாக்காத வரம்பு) 0.7 மி.மீ. 25 படிகத்திலும் விழுந்த ஆற்றலைக் கூட்டினா 10 ஜிஇவி-யில் சிக்மா (பரவலின் அகலம்) 0.6%தான். சிஎம்எஸ் பீம் டெஸ்ட் எண்கள் (ஆற்றல் E ஜிஇவி-னா 2.8%/√E, இரைச்சல் 12%/E, மாறிலி 0.3%; மூணையும் வர்க்கிச்சுக் கூட்டி வர்க்கமூலம்) படி 1.5% வரணும். கட்டை 0.07 ஆக்கியும் மாறலை. அடுத்து ஒரு நிஜப் படிகத்தை ஏபிடி (வெளிச்சத்தை மின் சிக்னலா மாத்திப் பெருக்கும் டயோடு) ஒட்டி நம்ம லேபிலேயே சோதிக்கப் போறோம்.

தரமணி_ஷவர்:
கட் மேல பழி போடாதீங்க. அது சாம்ப்ளிங் கலோரிமீட்டர்லதான் (உலோகத் தகடும் அளக்கும் அடுக்கும் மாறி மாறி வர்றது) படுத்தும், முழுப் படிகத்தில் இல்லை. உங்க 0.6% வெறும் ஷவர் (எலக்ட்ரான் கிளப்பும் துகள் மழை) கசிவு. வெளிச்சமும் எலக்ட்ரானிக்ஸும் அதில் இல்லவே இல்லை.

முதல்ல 3×3 மட்டும் கூட்டுங்க, அந்த 12% அதுக்கானது. ஒவ்வொரு படிகத்தின் எம்இவி-யையும் 4.5-ஆல் பெருக்கினா ஃபோட்டோ எலக்ட்ரான் எண்ணிக்கை. அதுக்கு வெறும் பாய்சான் (√எண்ணிக்கை) அகலம் போதாது: ஏபிடி-யோட மிகை இரைச்சல் காரணி சுமார் 2, அதனால √(2×எண்ணிக்கை) அகலத்துக்கு காஸியன் போடுங்க. 10 ஜிஇவி-க்கு 45,000, அகலம் 300, அதாவது 0.67%. அப்புறம் படிகத்துக்கு 40 எம்இவி இரைச்சல். ஒன்பதுக்கு 40×√9 = 120, அதாவது 1.2%. 5×5 கூட்டினா இதுவே 200 ஆயிடும்.

அடையாறு_ஏபிடி:
லேப் சோதனைக்கு முன்னாடி ஏசியைப் பாருங்க. ஒரு டிகிரி ஏறினா படிக வெளிச்சம் சுமார் 2%, ஏபிடி பெருக்கம் 2.4% குறையும். நம்ம ஊர் மே மாசத்தில் மதியம் ரெண்டு டிகிரி நழுவினாலே சிக்னல் கிட்டத்தட்ட 9% போச்சு. சிஎம்எஸ் 18 டிகிரியை 0.05-க்குள்ள பிடிச்சு வைக்கிறது இதுக்குத்தான். படிகத்தோட தெர்மிஸ்டர் ஒட்டி, ஒவ்வொரு ரன்னிலும் பதிவு பண்ணுங்க. சிமுலேஷனை கிளஸ்டர்ல ஓட்டினா ஜாபுக்கு ஒரு தனி சீட் (ரேண்டம் எண்களுக்கான தொடக்க எண்) கொடுங்க. ஒரே சீட்னா அதே நிகழ்வுகள்தான் திரும்ப வரும், ஃபிட் பிழை பொய்யா சுருங்கும்.

கிண்டி_மாணவி:
10-ல் 1.5% வந்துடுச்சு, ரொம்ப நன்றி. 100 ஜிஇவி-யில் மட்டும் 0.31%, சூத்திரம் 0.43% சொல்லுது. படிகங்களுக்கு காலிப்ரேஷன் பிழை கொடுத்தும் அசையலை.

தரமணி_ஷவர்:
பீம் ஒரே படிகத்தில் விழுறப்போ அந்தப் பிழை சராசரியைத்தான் நகர்த்தும், அகலப்படுத்தாது. மாறிலியில் இங்கே விட்டது, வெளிச்சம் படிக நீளம் முழுக்க ஒரே மாதிரி சேராதது. படிகம் முன்னால 22 மி.மீ., பின்னால 26; அந்தச் சரிவு வெளிச்சத்தைக் குவிக்கும். அதைச் சமன் செய்யத்தான் சிஎம்எஸ்-ல் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பா விடுறாங்க. ஒவ்வொரு ஸ்டெப்பின் ஆற்றலுக்கும் ஆழத்தைப் பொறுத்து எடை கொடுத்து ஓட்டுங்க.