தமிழ்ப் பக்க வடிவமைப்பு மென்பொருளிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால், என்ன கேட்பீர்கள்?

செந்தூல்_வடிவம்
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தே வடிவமைப்பு வேலை செய்கிறேன். கல்யாண அட்டை, திருவிழா அழைப்பு, பள்ளி ஆண்டு மலர், பேனர் என்று எது வந்தாலும் செய்வேன். போன வாரம் ஒரு கல்யாண அட்டை அச்சாகி வந்தது, 500 பிரதி. மணமகளின் பாட்டி பெயர் பொன்னம்மாள். அட்டையில் அந்தப் ‘பொ’வின் ஒற்றைக்கொம்பு, புள்ளிபுள்ளியாக ஒரு வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்கிறது. பக்கத்தில் ‘பா’. பாட்டி பார்த்துவிட்டு, “என் பேருக்கு மட்டும் ஏன்டா பொட்டு வச்சிருக்க?” என்று கேட்டாராம். மறுஅச்சுக்கு என் கையிலிருந்து 280 வெள்ளி போனது. அச்சகத்தில் யாரோ கோப்பைத் திறந்து கைவைத்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

சரி, அது போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: மென்பொருள் தமிழை எழுத்தாக எண்ண வேண்டும். நமக்குக் ‘கொ’ ஓர் எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் அது இரண்டு குறியீடு, திரையில் மூன்று வடிவம். கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிராப் கேப் வசதியில் ‘கோயில்’ என்று தொடங்கிப் பாருங்கள். நான் பழகிய ஒரு மென்பொருளில் ‘க’ மட்டும் பெரிதாகி, கொம்பும் காலும் கீழே அனாதையாக நின்றன. தலைப்பை அகலமாக்க எழுத்து இடைவெளியைக் கூட்டினால், கொம்புக்கும் ‘க’வுக்கும் நடுவிலேயே இடைவெளி விழுகிறது. இந்த ஒன்றைச் சரிசெய்தால் பாதித் தலைவலி போய்விடும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

லெபோ_பாசார்_பழசு
தம்பி, நான் பினாங்கு. ஈய எழுத்துக் கோத்துத் தொழில் பழகியவன். அப்புறம் பக்கம் கட்டும் மென்பொருள்கள்: பேஜ்மேக்கர், அதற்கப்புறம் இன்டிசைன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேஜ்மேக்கர் காலத்தில் இந்தப் புள்ளி வட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. எழுத்துருவில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சாவி இருந்தது. கொம்பை அடித்தால் கொம்பு, காலை அடித்தால் கால். திரையில் பார்த்ததே அச்சுப் பிளேட்டில் விழுந்தது. இப்போது நடுவில் ஓர் எந்திரம் உட்கார்ந்துகொண்டு, நான் அடித்ததை அதன் இஷ்டத்துக்குக் கலைத்து அடுக்குகிறது.

யூனிகோடில் தமிழுக்கு இடம் கொடுத்தபோது இந்தியாவின் 1988 இஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு அட்டவணையை வைத்துக் கொடுத்தார்கள். தேவநாகரிக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டிவிட்டது போல. இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. ‘கொ’ ஒரே எண். கலைக்கவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம். மென்பொருள்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டால் போதும் என்பதே என் விருப்பம். நீ கேட்டதும் அதுதானே?

குறில்நெடில்
பழசு அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். டேஸ்16இன் எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் இடம் அது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் வெறும் கட்டம்தான் தெரியும். வாடிக்கையாளர் இன்று பெயர்ப் பட்டியலை வாட்சப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். அதை டேஸ்16க்கு மாற்றி, பக்கம் கட்டி, இணையத்தில் போட மறுபடி யூனிகோடுக்கு மாற்றி... ஒவ்வொரு மாற்றத்திலும் எங்காவது ஓர் எழுத்து தொலையும்.

நீங்கள் திட்டும் அந்த எந்திரம் எல்லா இடத்திலும் தவறவில்லை. ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் நாள் முழுக்கத் தமிழைச் சரியாகக் கோத்துக்கொண்டிருக்கிறது. லிப்ரெஆபீஸ் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து அதைத்தான் வைத்திருக்கிறது. இன்டிசைனில்கூட பத்திக்கு வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற வரி கோக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு சரியான இடத்தில் நிற்கும். ஆங்கிலத்துக்கான கம்போசரிலேயே விட்டுவிட்டால் நிற்காது.

செந்தூல், உங்களிடம் ஒரு கேள்வி. அந்தப் பொன்னம்மாள் என்ற பெயரை நீங்களே தட்டச்சு செய்தீர்களா, எங்கிருந்தாவது வெட்டி ஒட்டினீர்களா?

லெபோ_பாசார்_பழசு
கைபேசியில் படிப்பவனுக்காக நான் ஏன் பிளேட்டைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? என் வேலை தாளில். எங்கள் கடையில் கோப்பு வந்ததும் முதல் வேலை எல்லாவற்றையும் அவுட்லைன் ஆக்குவதுதான். எழுத்தெல்லாம் படமாகிவிட்டால் எந்த எந்திரமும் வாலாட்டாது.

மலர்_டீச்சர்
பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆண்டு மலர் வேலை வருடாவருடம் என் தலையில்தான் விழும். அண்ணே, அவுட்லைன் ஆக்கிய கோப்பில் ஒரு மாணவி பெயரைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டு உங்களைப் போன்ற ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால் அந்த யோசனைக்கு என் ஓட்டு கிடையாது.

எனக்கு வேண்டியது வேறு. நம் ஊரில் ஒரு பக்கத்தில் மூன்று மொழி. தலைமையாசிரியர் உரை தமிழில், நடுநடுவே மலாயில் திட்டப் பெயர்கள், ஆங்கிலத்தில் போட்டிப் பெயர்கள். ஒரே 11 புள்ளி அளவு கொடுத்தாலும் தமிழ் பெருத்தும் ஆங்கிலம் இளைத்தும் தெரிகின்றன, சில எழுத்துருக்களில் நேர்மாறாக. ஒவ்வொரு மலாய்ச் சொல்லையும் தேடிப் பிடித்து அளவை மாற்றுகிறேன். இன்டிசைனின் ஜப்பானியப் பதிப்பில் கூட்டு எழுத்துரு என்று ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிய எழுத்துக்கு ஒன்று, ரோமன் எழுத்துக்கு ஒன்று, இது இத்தனை சதவீதம், அடிக்கோடு இவ்வளவு மேலே என்று ஒரு முறை சொல்லிவிட்டால் முடிந்தது. அது தமிழுக்கும் வேண்டும்.

அதோடு சொல் உடைப்பு. தமிழ்ச் சொற்கள் நீளம், பத்தியோ ஒடுக்கம். உடைக்காமல் விட்டால் வரிக்குள் வாய்க்கால் வெட்டியது போல் இடைவெளி. உடைத்தால் அடுத்த வரி ‘ச்சி’ என்று தொடங்குகிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு, மலரில் வரியையே மெய்யில் தொடங்கினால் ஆறாம் ஆண்டுப் பிள்ளை கேட்கிறான். கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. எங்கே உடைக்கலாம் என்பதை நானே தீர்மானிக்க இடம் வேண்டும்.

கட்டற்றவன்
எல்லாரும் வேண்டுதல் வைக்கிறீர்கள், சரி. எந்தச் சாமியிடம்? 2013இல் சந்தா முறைக்கு மாறிய, இன்டிசைனை விற்கும் அடோபியிடமா? மாதாமாதம் கட்டுகிறோம், அவர்களுடைய பட்டியலில் தமிழ் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேறு ஒன்றுக்குத் தாவலாம் என்றால், அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது. நாளை எது யார் கையில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸைப் பாருங்கள். 2024 சனவரியில் 1.6 பதிப்பு வந்தது, அதில் தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. பிழையை எழுதிப் போட்டால் யார் கவனிக்கிறார்கள், எப்போது சரியாகிறது என்று எல்லாருக்கும் தெரியும்படி நடக்கிறது. உங்கள் ஆசையைப் போடுவதற்கு அதுவே சரியான இடம்.

செந்தூல்_வடிவம்
கட்டற்றவன், நானும் பார்த்தேன். என் பத்து வருடக் கோப்பெல்லாம் இன்டிசைனில். ஐடிஎம்எல் என்ற பரிமாற்றக் கோப்பாகச் சேமித்துத்தான் ஸ்கிரைபஸுக்குக் கொண்டுபோக வேண்டும், போகும் வழியில் பாதி அமைப்பு கலைகிறது. வருமானம் நின்றுபோனாலும் பரவாயில்லை என்று கொள்கை பேச எனக்கு வசதி இல்லை.

குறில்நெடில், நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. மெய்ப்பு எல்லாம் முடிந்த பிறகு, முதல்நாள் இரவு பதினொரு மணிக்குப் பாட்டி பெயரைச் சேர்க்கச் சொன்னார்கள். பழைய அழைப்பிதழ் ஒன்றின் பிடிஎஃப் அனுப்பினார்கள். அதிலிருந்து வெட்டி ஒட்டினேன். 8 புள்ளி அளவு, சாம்பல் நிறம், தூக்கக் கலக்கம்.

குறில்நெடில்
நினைத்தேன். அச்சகத்தார் மேல் தப்பில்லை. பல பிடிஎஃப்களில் எழுத்தின் வடிவங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும்: கொம்பு, ப, கால். வெட்டினால் அதே வரிசையில் வரும். யூனிகோடில் ‘ப’ முதலில், உயிர்க்குறி பிறகு. ஆகவே முன்னால் வந்த கொம்புக்கு உட்கார மெய் இல்லை. கோக்கும் நிரல் ஒரு வட்டத்தைப் போட்டு அதில் உட்கார வைக்கிறது. அது பிழை இல்லை, எச்சரிக்கை.

வேடிக்கை என்னவென்றால் அச்சுக்கு முந்தைய சோதனை, அதாவது பிரீஃபிளைட், இதைக் கண்டுகொள்ளாது. எழுத்துரு இல்லை, வடிவம் இல்லை என்றால் சிவப்பு விளக்கு எரியும். இங்கே எழுத்துரு இருக்கிறது, வட்டத்துக்கும் வடிவம் இருக்கிறது. அதன் கணக்கில் எல்லாம் சுபம். மெய் இல்லாமல் நிற்கும் உயிர்க்குறியைக் கண்டால் அச்சுக்கு அனுப்பாதே என்று ஒரு விதி போதும். இதை எழுத ஒரு நிரலருக்கு ஒரு பகல்கூட ஆகாது. உங்கள் 280 வெள்ளி மிஞ்சியிருக்கும்.

லெபோ_பாசார்_பழசு
280 வெள்ளி மிஞ்ச ஒரு மூக்குக்கண்ணாடி போதும். அச்சுக்கு முன் படித்துப் பார்ப்பது என்று எங்கள் காலத்தில் ஒரு வசதி இருந்தது. எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும்.

செந்தூல்_வடிவம்
பட்டது போதும் அண்ணே, மேலும் குத்தாதீர்கள். ஆனால் நம் ஊர் வேலை உங்களுக்குத் தெரியாததா? பிளேட் போடும் நேரத்தில்தான் டத்தோ பட்டம் வைத்திருக்கும் ஒருவர் டான் ஸ்ரீ பட்டம் வாங்குவார். போன தைப்பூசத்துக்கு முன் ஒரு கோயில் மலரில் அப்படித்தான். முதலில் ‘டான் ஸ்ரீ’ எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடினேன், ஏழு என்றது. கண்ணால் எண்ணினால் பன்னிரண்டு. இன்றுவரை ஏன் என்று புரியவில்லை.

குறில்நெடில்
அது ‘ஸ்ரீ’யின் கோளாறு. 2005இல் யூனிகோடு 4.1இல் ‘ஶ’ என்ற எழுத்து சேர்ந்தது. அதன் பிறகு ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தில் தொடங்கியும், இந்த ஶகரத்தில் தொடங்கியும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, கணினிக்கு வெவ்வேறு சொல். ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்திருப்பார், இன்னொருவர் வேறொன்றில்.

லெபோ_பாசார்_பழசு
ஆக, ஒரே எழுத்துக்கு இரண்டு முகவரி. ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் பக்கத்தில் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் பதிவிலேயே சட்டை சரியில்லை என்றேன்.

குறில்நெடில்
இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூனிகோடில் ஒரு முறை ஏறியது இறங்காது, அது அவர்களுடைய விதி. ஆகவே தேடும் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பார் என்று மென்பொருளுக்குச் சொல்லலாம்.

என் சொந்த விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயில் வரலாற்று நூலுக்கு நன்கொடையாளர் பெயர் அகரவரிசை போட்டேன். நான் வைத்திருந்த மென்பொருள் குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கியது. யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வருகிறது. அதனால் மனோகரன் மயில்வாகனத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நம் வரிசையில் ‘ன’ கடைசி. மெய்யின் மேல் வைக்கும் புள்ளியின் குறியீடும் எழுத்துகளுக்கெல்லாம் பின்னால் என்பதால் ‘பக்கிரி’ ‘பகவதி’க்குப் பின்னால் போனார். முன்னூறு பெயரைக் கையால் அடுக்கினேன். அதிலும் ஒரு மயில்வாகனம் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. தமிழ் வரிசை தெரிந்த நிரல் பொதுவெளியில் இருக்கிறது, எடுத்துப் பொருத்தத்தான் ஆள் இல்லை.

மலர்_டீச்சர்
எல்லாவற்றையும் படித்தேன். உங்கள் நாலு பேருக்கும் சண்டை குறியீட்டில். எனக்கு இன்னும் அந்த மூன்று மொழி அளவுதான். யாரும் அதைத் தொடவே இல்லை.

கட்டற்றவன்
டீச்சர், தொடுகிறேன். ஸ்கிரைபஸிலும் கூட்டு எழுத்துரு கிடையாது. அதற்காக அதை விற்க வந்தவன் என்று நினைக்காதீர்கள். ஆனால் வேண்டுதலை அனுப்ப ஒரு மாதிரிப் பக்கம் வேண்டும். “தமிழ் சரியாக வரவில்லை” என்று எழுதினால் தமிழ் தெரியாத நிரலருக்கு என்ன புரியும்? ஒரே பக்கம். இதுதான் வர வேண்டும், இதுதான் வருகிறது என்று படத்தோடு. யாராவது சொற்களைக் கொடுங்கள், நான் கட்டுகிறேன். எல்லா நிறுவனத்துக்கும் அதையே அனுப்பலாம், காசு வாங்குகிறவர்களுக்கும் சேர்த்து.

லெபோ_பாசார்_பழசு
எழுதிக்கொள். பொன்னம்மாள், கொம்பு முன்னால் வந்தபடி ஒரு முறை, ஒழுங்காக ஒரு முறை. டிராப் கேப்பில் கோயில். ஸ்ரீ இரண்டு விதமாக. இடைவெளி விட்ட தலைப்பில் கௌமாரம், அதில் ‘கௌ’வின் கடைசியில் வரும் சிறகை ‘ள’ என்று எண்ணிப் பிரிக்கிறதா பார். பழைய கொம்பு போட்ட ‘லை’ உள்ள என் பாட்டனார் காலப் புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய வேண்டும், அதற்கும் ஒரு வரி வை. டேஸ்16இல் ஒரு பிரதியும் கட்டு.

குறில்நெடில்
கடைசியாகச் சொன்னது மட்டும் வேண்டாம் அண்ணே.

லெபோ_பாசார்_பழசு
கட்டு என்றேன்.

மலர்_டீச்சர்
‘மகிழ்ச்சி’யையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு அங்குலப் பத்தியில். பக்கத்தில் மலாயில் ஒரு வரி.