அல்போன்ஸ் காரின் அந்த ஒரு வரி, தமிழில்?

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ஏனுங்க, பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் கார் 1849 ஜனவரியில் தன் ‘குளவிகள்’ இதழில் எழுதின ‘ப்ளூ ஸா ஷான்ஜ், ப்ளூ ஸே லா மெம் ஷோஸ்’ (எவ்வளவு மாறினாலும் எல்லாம் அதேதான்) வரிக்கு ‘பழைய குருடி கதவைத் திறடி’ பொருந்துங்களா?

சித்தூர்க்காரர்: கருத்து சரிங்க, கட்டு போயிடுது. பிரெஞ்சில் ‘ப்ளூ’ (‘அதிகம்’) ரெண்டு தடவை வருது, தராசுத் தட்டு மாதிரி. ‘மாற மாற, அதேதான் அது’னு சுருக்கிப் பாருங்க. ‘எவ்வளவுக்கெவ்வளவு’ போட்டா நீண்டு, குத்தல் செத்துரும்.

மரண தண்டனையை ஒழிக்கணுமா, கொலைகாரர்கள் முதல்ல ஆரம்பிக்கட்டும்னாரே, அதுதான் இன்னும் கஷ்டம். மூலத்தில் ‘மெசியூ’ (‘ஐயாமார்’)னு மரியாதை வெச்சிருக்கார், கேலியே அதில்தான். ‘கொலைகாரப் பெருமக்கள்’னு போடுங்க, ‘கொலைகாரன்’னா வெறும் கோபமாயிடும். வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை, நடை அபாரம்.

வேலந்தாவளம்: நர்சரியில் விக்கிற ‘அல்போன்ஸ் கார்’ மூங்கில் இவர் பேர்தானுங்க, நீஸ் நகரத்தில் பூ விவசாயம் பண்ணினவர். மஞ்சத் தண்டு, பச்சைக் கோடு. கொத்தா வளரும், வேர் ஓடாது. வேலிக்கு 3 அடிக்கு ஒண்ணு. தண்ணி தேங்கினா கிழங்கு அழுகிடும்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: ‘பெருமக்கள்’ எடுத்துக்கறேனுங்க. குருடியை அடிக்குறிப்புக்குத் தள்ளியாச்சு.