ஆள் எடுக்கிறவங்களுக்கு பேஜ் எதுக்குன்னு கேட்டவருக்கு

ஹட்டன்காரன்:
நேத்து இங்க மஸ்கெலியா மைந்தன் எழுதியிருந்தாரு, வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களுக்கு பேஸ்புக்ல தனியா பேஜ் எதுக்கு, சொந்த ஐடியே போதும்னு. அத படிச்சதுல இருந்து மனசே ஆறல. 11 வருஷமா இந்த தொழில்ல இருக்கேன், கொழும்பு கடைகளுக்கும் கட்டுநாயக்க கார்மென்ட்ஸுக்கும் நம்ம தோட்டத்து பிள்ளைங்கள சேர்த்து விடுறேன். சொந்த ஐடில 5000 பேருக்கு மேல பிரென்ட்ஸ் சேர்க்க முடியாது. என் ஐடி 2019லயே நிரம்பிருச்சு, ரிக்வெஸ்ட் அனுப்பின பிள்ளைங்க எல்லாம் அப்படியே கிடந்தாங்க, பேஜ் தொறந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு.

மஸ்கெலியா மைந்தன்:
5000 பேர் பத்தாதாண்ணே? அத்தன பேருக்கா வேல வாங்கி குடுத்துட்டீங்க? நான் ஐடில போட்டே போன மாசம் 14 பேர சேர்த்து விட்டேன். பேஜ்ல போட்டா யாரும் பார்க்கிறதில்ல, காசு கட்டி பூஸ்ட் பண்ணணும். ஐடில போட்டா பெரியம்மா மகன்ல இருந்து தோட்டத்து பொடியனுங்க வரைக்கும் ஷேர் பண்றானுங்க.

ஹட்டன்காரன்:
நான் கேட்டது அது இல்ல. 5000க்கு மேல போகாதா போகுமா? அதுக்கு பதில் சொல்லுங்க.

மஸ்கெலியா மைந்தன்:
போகும். பிரென்ட்ஸ்தான் 5000, பாலோவர்ஸுக்கு கணக்கே கிடையாது. 11 வருஷ அனுபவத்துல இது தெரியலையா?

டிக்கோயா 86:
ஒருத்தர் பிரென்ட்ஸ சொல்றீங்க, இன்னொருத்தர் பாலோவர்ஸ சொல்றீங்க. மொதல்ல எத பத்தி பேசுறோம்னு முடிவு பண்ணிட்டு பேசுங்களேன்.

ஹட்டன்காரன்:
முடிவு பண்ண என்ன இருக்கு, 5000 நம்பர் நம்பர்தான்.

பண்டாரவளை அக்கா:
5000ஐ விடுங்கப்பா. 2022ல சாமான் விலை ஏறி வீட்டுல அடுப்பு எரியாம இருந்த நேரம், என் தங்கச்சி மக குவைத் போறேன்னு நின்னா. ஒரு ஐடி, ஏஜென்சி பேரு, பிளேன் படம். மெசஞ்சர்லயே ஐடென்டிட்டி கார்ட் கொப்பி, பாஸ்போர்ட் கொப்பி எல்லாம் வாங்கிக்கிட்டாங்க, அப்புறம் மெடிக்கலுக்குன்னு 35000 கேட்டாங்க. காது தோட அடகு வச்சு கட்டினோம். மூணாம் நாள் அந்த ஐடியே இல்ல. புள்ள இன்னைக்கும் தன் பாஸ்போர்ட் கொப்பி எவன் கைல இருக்குன்னு தெரியாம பயந்துகிட்டு இருக்கா. பேஜா இருந்திருந்தா எப்ப தொறந்தது, முன்ன என்ன பேர்ல இருந்தது, நடத்துறவங்க எந்த நாட்டுல இருக்காங்கன்னு பேஜ் டிரான்ஸ்பேரன்சில பார்த்திருக்கலாம்னு இப்ப சொல்றாங்க, அப்ப யாரும் சொல்லல.

ஹட்டன்காரன்:
அக்கா சொன்னீங்களே, இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு புள்ளைகிட்ட ஐடென்டிட்டி கார்ட் கொப்பி கேக்கிறவன் தான் யாருன்னு மொதல்ல காட்டணும். பேஜ் தொறக்கிறது அஞ்சு நிமிஷ வேல. உங்க சொந்த ஐடில உள்ள போய் மெனுவுல பேஜஸ், கிரியேட்னு அழுத்தி பேர போட்டு, வகையில வேலைவாய்ப்பு ஏஜென்சின்னு தேர்ந்தெடுங்க. ஆனா அதோட முடிச்சிட்டு போயிர்றாங்க, அங்கதான் தப்பு. ஒப்பீஸ் எந்த ரோட்டுல எந்த மாடின்னு எழுதணும், தொறக்கிற நேரம் போடணும், கவர் படத்துக்கு கூகுள்ல எடுத்த கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரன் வேணாம், உங்க கடை போர்ட படம் எடுத்து போடுங்க. என் பேஜ்ல மல்லியப்பு சந்தியில இருந்து எப்படி நடந்து வரணும்னு எழுதி வச்சிருக்கேன், பொகவந்தலாவையில இருந்து பஸ்ல வர்ற தாய் தகப்பன் அத பார்த்துதான் வர்றாங்க. வேல என்ன, சம்பளம் எவ்வளவு, தங்குற இடம் உண்டா, ஓவர்டைம் எப்படி, எல்லாம் தமிழ்ல. வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்து லைசென்ஸ் நம்பர கட்டாயம் போடணும், லைசென்ஸ் இல்லாம ஆள் அனுப்பக்கூடாதுன்னு 1985ல இருந்தே சட்டம் இருக்கு. பார்க்கிறவங்க சந்தேகம்னா பணியகத்தோட 1989ங்கிற நம்பருக்கு ஒரு கோல் எடுத்து கேட்டுக்கலாம்.

கொட்டகலை தம்பி:
நான் கொமியூனிகேஷன் கடையில வேல செய்யிறப்போ மூணு ஏஜென்ட்டுக்கு பேஜ் தொறந்து குடுத்தேன். ஒருத்தரும் தன் ஐடில தொறக்க விடல, எல்லாம் என் ஐடிலதான். நான் வேலய விட்டப்பறம் ஒருத்தர் வீட்டுக்கே வந்து பேஜ குடுடான்னு சண்ட. அட்மின்ல அவர சேர்க்கிறேன்னு நான் நாலு தடவ சொல்லியும் கேக்காதது அவருதான்.

ஹட்டன்காரன்:
அதுதான் தம்பி, ரெண்டு பேருக்கு முழு அதிகாரம் குடுக்கணும், அதுல ஒருத்தர் மொதலாளியா இருக்கணும். ரெண்டு பேரும் போனுக்கு கோட் வர்ற மாதிரி டூ ஸ்டெப் போட்டு வைக்கணும்.

மஸ்கெலியா மைந்தன்:
எல்லாம் சரி, 5000 விஷயத்துல தப்பா சொன்னேன்னு இன்னும் வாயால வரல.

ஹட்டன்காரன்:
தப்பா சொல்லல. பிரென்ட்ஸ் 5000. அதுதான் எழுதியிருக்கேன், மேல போய் படிங்க.

மஸ்கெலியா மைந்தன்:
தமிழ்ல போடணும்னு பாடம் எடுக்கிற உங்க பேஜ்ல போன வாரம் கேஷியர் வேலைக்கு போட்டது முழுக்க இங்கிலீஷ். லயத்துல இருக்கிற புள்ள அத எப்படி படிக்கும்?

ஹட்டன்காரன்:
அது கொம்பனி அனுப்பின போஸ்டர். கீழ தமிழ்ல எழுதியிருந்தேன், நீங்க கீழ வரைக்கும் படிக்கல. உங்களுக்கு என் மேல கோவம் பேஜால இல்ல, தலவாக்கலையில ஆள் எடுக்க போன அன்னைக்கு என் மேசைக்கு முன்னால கூட்டம் நின்னுச்சு, அதனாலதான்.

மஸ்கெலியா மைந்தன்:
கூட்டம் நிக்காம? வாசல் பக்கம் இருந்த என் மேசைய காலையிலயே வந்து நீங்க டொய்லட் பக்கமா தள்ளி வச்சீங்க. மறந்துட்டேன்னு நினைச்சீங்களா?

டிக்கோயா 86:
இப்ப மேசையா?

பண்டாரவளை அக்கா:
மைந்தன் தம்பி, ஒண்ணு கேக்கிறேன். உங்க ஐடில பிள்ளைங்க அனுப்புற கொப்பி எல்லாம் எங்க வைக்கிறீங்க?

மஸ்கெலியா மைந்தன்:
என் போன்லதான் அக்கா. நான் ஏமாத்துற ஆளு இல்ல, மஸ்கெலியாவுல யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க.

பண்டாரவளை அக்கா:
மஸ்கெலியாவுல இருக்கிறவங்க கேட்டுக்குவாங்க. ஹப்புத்தளையில இருக்கிற புள்ள யார்கிட்ட போய் கேக்கும்?

ஹட்டன்காரன்:
அக்கா கேட்டதுக்கு பதில் வராது. இன்னொண்ணும் சொல்றேன், கொம்பனி பேர்ல ஐடி தொறக்கிறது பேஸ்புக் சட்டத்துக்கே விரோதம், ஒருத்தன் ரிப்போர்ட் அடிச்சா ஐடியே போயிரலாம், சேர்த்த 5000 பேரும் போயிரும்.

மஸ்கெலியா மைந்தன்:
என் ஐடி என் சொந்த பேர்லதான் இருக்கு. மறுபடியும் 5000ன்றீங்க பாருங்க. பாலோவர்ஸ் கணக்க ஸ்கிரீன்ஷொட் எடுத்து போடவா?

ஹட்டன்காரன்:
போடுங்க. நானும் நாளைக்கு ஒப்பீஸ் தொறந்ததும் என் ஐடிய எடுத்து போடுறேன், 5000ன்னு அப்படியே நிக்குது.

மஸ்கெலியா மைந்தன்:
அப்ப மேசைய பத்தியும் நாளைக்கு பேசுவோம்.