பத்தேமாரி மாதிரிக் கப்பல்: பருமல் ஏன் நிமிர்ந்து நிற்க மறுக்கிறது?

செம்பூர்_தச்சு:
1:50 அளவில் பத்தேமாரி (இந்தியாவின் மேற்குக் கரைப் பாய்க்கப்பல்) கட்டுகிறேன். உடல் 40 செ.மீ., பெரிய பாயின் பருமல் (பாயைத் தாங்கும் நீண்ட மரக்கம்பு) 38 செ.மீ. மும்பை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்கிய மெல்லிய பருத்தித் துணியில் பாய் வெட்டினேன். பருமலோடு சேரும் விளிம்பு அலை அலையாக நிற்கிறது. தூக்கினால் பருமல் படுத்துக்கொள்கிறது. பருமலை மேலே தூக்கும் ஆஞ்சான் கயிற்றை அதில் எங்கே கட்டுவது? வரைபடத்தில் பாயின் முன்மூலை வெட்டுப்பட்டிருக்கிறதே, அது சரியா?

முலுண்டு_கப்பி:
சரிதான். மத்தியத்தரைக்கடலின் லத்தீன் பாய் முழு முக்கோணம். அரபிக்கடல் மரக்கலங்களில் முன்மூலை வெட்டுப்பட்டு நான்கு விளிம்பு வரும்.

ஆஞ்சானைப் பருமலின் முன்முனையிலிருந்து 13-15 செ.மீ. தள்ளிக் கட்டுங்கள். கட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி நீளம் என்பதால் அது தானாகக் கீழே சாயத்தான் செய்யும். பருமலை நிமிர்த்துவது ஆஞ்சான் அல்ல. முன்முனையைக் கப்பி வைத்துத் தளத்துக்கு இழுக்கும் கயிறு. உங்கள் மாதிரியில் அது விடுபட்டிருக்க வேண்டும்.

அலைக்குக் காரணம் வெட்டு. துணிப்பட்டைகள் பின்விளிம்புக்கு இணையாக ஓடுவதால், பருமல் விளிம்பு இழைக்குக் குறுக்கே சாய்வாக விழுந்து இழுபடும். வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து துணியில் தடவி, காய்ந்த பிறகே வெட்டுங்கள். அந்த விளிம்பின் நடுவில் 6 மி.மீ. வெளிவளைவும் விடுங்கள். மூட்டுகளைத் தைக்க வேண்டாம்: 3 மி.மீ. தையல் இந்த அளவில் 15 செ.மீ. ஆகிவிடும். 12 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடு போதும்.

மாட்டுங்கா_நங்கூரம்:
ஒன்று சேர்க்கிறேன். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாயும் பருமலும் பாய்மரத்துக்குக் காற்று போகும் பக்கம்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வந்தால் காற்று பாயை மரத்தோடு அழுத்தும். உண்மைக் கப்பலில் மரமே முறியலாம். அதனால்தான் திசை மாற்றும்போது கப்பலின் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டி, பருமலைச் செங்குத்தாக்கி, மரத்துக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுபோவார்கள். மரம் முன்னோக்கிச் சாய்ந்திருப்பது இதற்கு இடம் தருகிறது.

செம்பூர்_தச்சு:
அப்படியானால் மரத்தைத் தாங்கும் பக்கக் கயிறுகளை இரு புறமும் இறுக்கலாமா?

மாட்டுங்கா_நங்கூரம்:
கூடாது. காற்று வரும் பக்கம் மட்டும் இறுகட்டும்; மறுபக்கக் கயிறுகளை அவிழ்த்துத் தளர்வாக விடுங்கள், இல்லையென்றால் பாய் அவற்றில் உரசும். ஆஞ்சானின் கனமான கப்பியை மரத்துக்குப் பின்னால் தளத்தில் கட்டுங்கள். முன்சாய்ந்த மரத்தைப் பின்னிழுத்துப் பிடிப்பது அதுதான், ஆகவே மற்ற கயிறுகளைவிடத் தடித்த நூலாக எடுங்கள்.