மோரிப் கடற்கரையில பிடிச்ச பொடி ஈ: ஒரே இனமா, மூணு இனமா?

பந்திங்_டீச்சர்:

வணக்கம். நான் மலேசியாவுல பந்திங் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருக்கேன். சுத்தி செம்பனைதான், ஆனா காடி எடுத்தா அரை மணி நேரத்துக்குள்ள மோரிப் வந்துடும். போன ஸ்கூல் லீவுல அறிவியல் மன்றத்துப் பிள்ளைங்க ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனேன், தண்ணி வத்தின நேரம், சேறு ரொம்ப தூரத்துக்குத் தெரிஞ்சுச்சு, கரையில ஒதுங்கிக் கிடந்த பாசி இலைதழையை ஒரு குச்சியால கிளறினா பொடிப்பொடியா ஈங்க குபுகுபுன்னு கிளம்பி, ரெண்டடி தள்ளி மறுபடி மணல்லயே உக்காந்துக்குது. சோப்புத் தண்ணி ஊத்தின வெள்ளை மங்கும் வாயால உறிஞ்சற டியூபும் வச்சு மொத்தம் 41 பிடிச்சோம்.

எல்லாமே 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர்தான். பிள்ளைங்க மைக்ராஸ்கோப்புல பாத்து மூணு குவியலாப் பிரிச்சிட்டாங்க: சாம்பல் நிறம், கிட்டத்தட்ட கறுப்பு, அப்புறம் வெளிறின மஞ்சள் கால் உள்ளது. அளவும் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி, சில ஆண் ஈ இன்னொரு ஆண் ஈயில பாதிதான் இருக்கு. இது மூணு இனமா, இல்ல ஒரே இனம் இப்படி மாறி மாறி இருக்குமா? பிள்ளைங்களுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுக்கக் கூடாதுன்னுதான் கேக்கறேன்.

கிள்ளான்_மோகன்:

டீச்சர், அது ஆகாஸ் இல்லையே? மோரிப்ல சாயங்காலம் உக்காந்தா காலெல்லாம் தடிச்சுப் போயிடும், எங்க வீட்டுல எல்லாரும் கடி வாங்கிட்டுதான் வந்தோம்.

பூச்சி_நோட்டு:

மோகன் அண்ணே, ஆகாஸ் வேற. அது ரத்தம் உறிஞ்சற குறுங்கொசு வகை, உடம்பு மெலிசா இருக்கும், உணர்கொம்பு நீளமா மணி கோத்த மாதிரி இருக்கும். டீச்சர் சொல்றது கொம்பு குட்டையான அசல் ஈ, கடிக்காது. குப்பையக் கிளறினா கிளம்பி உடனே உக்காரும்னு சொன்னதுலயே எனக்குப் பாதி புரிஞ்சிடுச்சு, கனாசிடே குடும்பத்துக் கடற்கரை ஈயா இருக்கணும்.

டீச்சர், மொதல்ல அந்த மூணு குவியலையும் கலைச்சிடுங்க. நிறத்தை வச்சு ஆரம்பிச்சா இந்த ஈங்க ஆளை ஏமாத்திடும். அதுங்க உடம்பு மேல மாவு தூவின மாதிரி ஒரு சாம்பல் பூச்சு இருக்கு, ஆல்கஹால்ல நனைஞ்சதும் அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாமப் போயி ஈ கறுப்பாத் தெரியும், எடுத்துக் காய வச்சா திரும்ப சாம்பலாயிடும். அதே மாதிரி கூட்டுப்புழுவுல இருந்து அப்பதான் வெளிய வந்த ஈ வெளிறிப் போயி, கால் மஞ்சளா, உடம்பு கொழகொழன்னு இருக்கும், சில மணி நேரம் கழிச்சுதான் நிறம் ஏறும். நீங்க எதை எதுல போட்டு வச்சீங்க, எதை எப்ப பிடிச்சீங்கன்னு பாருங்க.

பாக்க வேண்டியது ரெண்டு இடம். ஒண்ணு இறக்கையோட முன் விளிம்புல ஓடற நரம்பு. கனாசிடேன்னா அதுல ஒரே ஒரு வெட்டுதான் இருக்கும். ரெண்டு வெட்டு இருந்தா அது எஃபிட்ரிடே, அதுவும் கரையோரத்துல இதே குப்பையில சுத்தற வேற குடும்பம், முகம் முன்னால புடைச்சிருக்கும். இன்னொண்ணு உச்சந்தலை. மூணு சின்னக் கண்ணுக்குப் பின்னால ரெண்டு முடி இருக்கும், அது ஒண்ணை ஒண்ணு நோக்கி சாஞ்சு கிட்டத்தட்ட குறுக்கே போனா டெத்தினினேன்ற துணைக்குடும்பம். இந்த டெத்தினினேவை முன்னால டெத்தினிடேன்னு தனிக் குடும்பமாவே வச்சிருந்தாங்க, 2007ல ஆஸ்திரேலியாவோட டேவிட் மெக்அல்பைன் ரெண்டையும் ஒண்ணாச் சேத்தாரு, 2010ல முனாரியும் மாத்திஸும் போட்ட உலகப் பட்டியலும் அப்படித்தான் போகுது. பழைய குறிப்புல வேற பேர் இருந்தா குழம்பிடாதீங்க.

அளவைப் பத்திக் கவலையே வேணாம். புழுவா இருக்கும்போது தீனி கம்மியாக் கிடைச்சா ஈ சின்னதாத்தான் வரும். ஐரோப்பா பக்கத்துக் கடற்கரையில பாசி குப்பையில வளர்ற கோலோபா ஃப்ரிஜிடான்னு ஒரு ஈ இருக்கு, வேற குடும்பம்தான், அதுல ஒரே இனத்து ஆணுங்க சில சமயம் ஒண்ணு இன்னொண்ணைவிட மூணு மடங்கு பெருசா இருக்கும், காரணம் அதோட முதல் குரோமோசோம்ல ஒரு துண்டு தலைகீழாத் திரும்பியிருக்கறது. அளவை மட்டும் பாத்து இனம் பிரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க.

இனத்தை உறுதியாச் சொல்ல ஆண் ஈயோட இனப்பெருக்க உறுப்புதான் சாட்சி. வயித்து நுனிய வெட்டி 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஒரு ராத்திரி ஊற வச்சு, தண்ணியில அலசி, கிளிசரின்ல போட்டுப் பாருங்க. அந்தக் கரைசல் தோலைப் பொசுக்கும், பிள்ளைங்க கை படவே கூடாது, அதை மட்டும் நீங்களே செய்யுங்க.

ஓய்வு_கிராணி:

டீச்சர், நான் தோட்டத்துல கிராணியா, அதாவது கணக்கு எழுதறவனா, இருந்து ஓய்வானவன், ஈ பத்தி எனக்குத் தெரியாது, ஆனா இந்தப் பிரிக்கிற வேலைய சின்னதா நினைச்சிடாதீங்கம்மா. 1901ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் கிள்ளானுக்கு வந்தாரு, அப்ப நம்ம ஆளுங்க மலேரியாவுல கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்தாங்க. கரையோரத்து நிழல்ல தேங்கின தண்ணியில வளர்றது அனாஃபிலிஸ் அம்ப்ரோசஸ்னு ஒரு மலேரியா கொசு, அங்க காட்டை வெட்டி வடிகால் எடுத்தா அது போயிடும். அதையே மலைப்பக்கத் தோட்டத்துல செஞ்சப்ப வெயில் பட்ட ஓடையில அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ் பெருகி நோய் கூடிடுச்சு. எந்தக் கொசுன்னு தெரியாம மண்வெட்டியத் தூக்கக் கூடாதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அந்த மாக்குலேட்டஸும் பின்னால ஒரே இனம் இல்ல, ஒண்ணு மாதிரியே இருக்கற பல இனம்னு பிரிச்சாங்க.

பந்திங்_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி, ஐயாவோட பதிவைப் பிள்ளைங்களுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். ரெண்டு சனிக்கிழமை உக்காந்து 41ஐயும் மறுபடி பாத்தோம்.

கறுப்புக் குவியல் முழுக்க ஆல்கஹால் போத்தல்ல இருந்தது! ஒண்ணை எடுத்து டிஷ்யூ மேல வச்சோம், பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சிட்டுப் பாத்தாங்க, ஈரம் காயக் காய முதுகுல இருந்து சாம்பல் படர்ந்து வந்துச்சு. மஞ்சள் கால் எல்லாம் காலையில குப்பைக்கு அடியில எடுத்தது, அதுல ரெண்டுக்கு இறக்கையே இன்னும் சரியா விரியல. ஒரு ஈக்கு இடது பக்கம் நெத்தியில நாலு முடி, வலது பக்கம் மூணு. அதைப் பாத்ததும் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, டீச்சர் அப்ப ஒரே ஈ ரெண்டு இனமான்னு கேட்டா, அந்தக் கேள்விதான் எனக்கு இந்த லீவுல கிடைச்ச பெரிய சந்தோஷம்.

பெரிய ஆண் ரெண்டு, சின்ன ஆண் ரெண்டு அறுத்துப் பாத்தேன், நாலுலயும் உறுப்பு ஒரே வடிவம். ஆனா ஒரு விஷயம், நாங்க கண்ணை மூடிட்டு ஒரே இனம்னு நினைச்ச சாம்பல் குவியல்ல மூணு ஈக்கு நரம்புல ரெண்டு வெட்டு இருக்கு, முகமும் புடைச்சிருக்கு.

பூச்சி_நோட்டு:

ரொம்ப அருமை டீச்சர். அந்த மூணும் எஃபிட்ரிடேதான், தனியா வைங்க. ஒண்ணா இருந்ததை நிறம் மூணாப் பிரிச்சிச்சு, வேற குடும்பத்தை உள்ளேயே ஒளிச்சு வச்சிடுச்சு பாருங்க. மிச்சம் 38ல அஞ்சாறை 95% ஆல்கஹால்ல ஐஸ்பெட்டியில போட்டுடுங்க, பின்னால யாராவது டிஎன்ஏ பார்கோடு எடுக்கணும்னா உதவும், சுமார் 650 எழுத்து நீளத் துண்டு ஒண்ணை வாசிச்சு ஒப்பிடறது அது. அறுத்த துண்டைத் தூக்கிப் போடாதீங்க, கிளிசரின் குப்பியில போட்டு அதே ஈயோட ஊசியிலயே குத்தி வைங்க.

பந்திங்_டீச்சர்:

செஞ்சாச்சு. பிள்ளைங்களே பென்சில்ல லேபிள் எழுதினாங்க: மோரிப், கரை ஒதுங்கின பாசிக் குப்பை, காலை 8 மணி, கனாசிடே, டெத்தினினே. இனப் பேர் எழுதற இடத்தைக் காலியா விட்டிருக்கோம். அடுத்த மாசம் தண்ணி வத்தற நேரம் பாத்து மறுபடி போறோம், இந்தத் தடவை ஒவ்வொரு போத்தலும் எதுல ஊறுது, எத்தனை மணிக்குப் பிடிச்சதுன்னு எழுத ஒரு பிள்ளைய தனியா வச்சிருக்கேன்.