ஃபுல் த்ராட்டில் குடுத்தா மட்டும் எலக்ட்ரிக் போட் செத்துப்போகுது, மீட்டர்ல 42% காட்டுது. பேட்டரி காலியா?

கைனகரிக்காரன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. சொந்த ஊரு நாகர்கோவில் பக்கம், நாலு வருஷமா ஆலப்புழா கைனகரில ஒரு ஹோம்ஸ்டேல வேலை. அங்க இருக்கிற எலக்ட்ரிக் போட்டை ஓட்டுறதும் நான்தான், துடைச்சு வைக்கிறதும் நான்தான். 24 அடி ஃபைபர் போட், 10 பேர் உக்காரலாம். 48 வோல்ட் சிஸ்டம், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் 16, ஒவ்வொண்ணும் 280 ஏஎச் (ஆம்ப்-அவர்), 6 கிலோவாட் மோட்டார், கூரைல நாலு சோலார் பேனல், ராத்திரி ஜெட்டில 30 ஆம்ப் சார்ஜர் போட்டு விட்ருவோம்.

வழக்கமா பம்பைல மெதுவாத்தான் ஓட்டுவேன், 45 ஆம்ப் இழுக்கும், மணிக்கு 8 கிலோமீட்டர் போகும், ஒரு தொல்லையும் இல்ல. மழை ஆரம்பிச்சதும் நெடுமுடி பக்கம் எதிர் ஓட்டத்துல ஏற ஃபுல் த்ராட்டில் குடுக்க வேண்டியிருக்கு, அப்போ 120 ஆம்ப் வரை போகுது, போன ரெண்டு வாரத்துல மூணு தடவை அப்படியே பொட்டுனு ஆஃப் ஆயிடுச்சு. மோட்டார் மட்டும் இல்ல, லைட்டு, ஹாரன், தண்ணி எறைக்கிற பம்பு எல்லாமே. கடைசி தடவை எதிர்ல ஒரு பெரிய ஹவுஸ்போட் வந்துட்டு இருந்துச்சு, போட்ல ஒரு குடும்பம், சின்னப் புள்ளைங்க வேற, கழுக்கோலை (போட்டைத் தள்ளுற நீளக் கம்பு) ஊனி எப்படியோ ஓரம் கட்டினேன், கை நடுக்கம் நிக்க அரை மணி நேரம் ஆச்சு. ரெண்டு நிமிஷம் கழிச்சு சுவிட்ச் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது! மீட்டர்ல 42%, வோல்ட்டேஜ் 52 சொச்சம்.

மாட்டிக் குடுத்த பார்ட்டிகிட்ட கேட்டா வந்து பாக்காமலே பேட்டரி பேக் மாத்தணும்னு கொட்டேஷன் அனுப்பிட்டாங்க. ஓனர் தலைல கை வச்சு உக்காந்திருக்காரு. நிஜமாவே பேட்டரி போச்சா?

டாங்டெஸ்டர்:

கொட்டேஷனை இப்போதைக்கு ஓரமா வைங்க ப்ரோ. எல்லாம் ஒரே நேரத்துல செத்துச்சுன்னா மோட்டார் கன்ட்ரோலர் மேல சந்தேகமே வேணாம், பிஎம்எஸ்தான் (பேட்டரியைக் காவல் காக்கிற சர்க்யூட்) மொத்தமா கட் பண்ணிருக்கு. எல்எஃப்பில மொத்த வோல்ட்டேஜைப் பாத்து ஒண்ணும் தெரியாது, 80 சதவீதத்துலயும் 30 சதவீதத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டும். பிஎம்எஸ் பாக்கறது ஒவ்வொரு செல்லா. 15 செல் நல்லா இருந்து ஒண்ணு மட்டும் 2.5 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினாலும் மொத்தக் கடையையும் சாத்திடும்.

மொபைல் ஆப்ல செல் செல்லா வோல்ட்டேஜ் பாக்கலாம்ல, அதை நின்னுக்கிட்டு ஒரு தடவை, ஃபுல் லோடுல ஒரு தடவை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. கயிறு நல்லா கட்டி ஜெட்டிலயே த்ராட்டில் குடுத்துப் பாருங்க, ஆத்து நடுவுல போய் சோதனை பண்ணாதீங்க. இன்னொண்ணு, கடைசியா 100% சார்ஜ் ஆனது எப்போ?

மின்னல்வேகம்:

சிம்பிள் ப்ரோ, பிஎம்எஸ் செட்டிங்ல 2.5 இருக்கிறதை 2.0 ஆக்கி விடுங்க. இல்லனா பைபாஸ் பண்ணிடுங்க, எங்க ஈ-ஆட்டோல அப்படித்தான் ஓட்டுறோம், எட்டு மாசம் ஆச்சு.

டாங்டெஸ்டர்:

மின்னல், ஆட்டோல புகை வந்தா குதிச்சு ஓடிடலாம். ஆத்து நடுவுல பத்துப் பேரை எங்க குதிக்கச் சொல்லுவீங்க? அந்த 2.5-ஐ தொடவே தொடாதீங்க ப்ரோ.

பழைய தோணி:

தம்பி, நான் வைக்கம் பக்கம் போட் யார்டுல பல வருஷம் வயரிங் பாத்தவன், இப்போ வீட்ல சும்மா இருக்கேன். ரெண்டு விஷயம் சொல்றேன்.

மொதல்ல புரொப்பலரைப் பாரு. மழை புடிச்சா போளை எல்லாம் பிச்சுக்கிட்டு வரும் (நம்ம ஊர் ஆகாயத்தாமரைதான், தமிழ்க்காரங்களுக்காகச் சொல்றேன்). வேர் ஷாஃப்ட்ல சுத்திக்கிச்சுன்னா வேகம் ஏறாது, ஆம்ப் மட்டும் ஏறும். அது ஒரு பக்கம். நீ 8-லேர்ந்து 11 கிலோமீட்டருக்குப் போகவே கரண்ட் ரெண்டரை மடங்குக்கு மேல வேணும், தண்ணில வேகத்தோட கணக்கே அப்படித்தான், கொஞ்சூண்டு வேகத்துக்கு நிறைய காசு. அதனால எதிர் ஓட்டத்துல ஃபுல்லா அமுக்காம கரையோரமா ஏறு, அங்க இழுப்பு கம்மி.

ரெண்டாவது, லைட்டும் பம்பும் மோட்டாரோட சேந்து சாகுதுன்னா அது டிசைன் கோளாறு, பேட்டரி நல்லா இருந்தாலும் அது கோளாறுதான். உன்கிட்ட 48-லேர்ந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர்ல நேரா லைட்டைக் குடுத்திருப்பாங்க. நடுவுல சின்னதா ஒரு 12 வோல்ட் பேட்டரி போட்டு, கன்வெர்ட்டர் அதுக்குச் சார்ஜ் ஏத்துற மாதிரி, லைட், ஹாரன், பம்பு எல்லாம் அந்தப் பேட்டரிலேர்ந்து போற மாதிரி மாத்து. எங்க வைக்கம் - தவணக்கடவு ரூட்ல 2017 ஜனவரிலேர்ந்து ஆதித்யா ஓடுதே, 75 பேர் போற சோலார் போட், அதுல ரெண்டு ஹல் (போட்டோட அடிக்கூடு), ஹல்லுக்கு ஒரு 20 கிலோவாட் மோட்டார். ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணுல ஊர்ந்தாவது ஜெட்டி சேந்துடலாம். உனக்கு ஒரே மோட்டார், குறைஞ்சது ஹாரனாவது அடிக்கணும்ல.

கைனகரிக்காரன்:

அண்ணே, ப்ரோ, ரெண்டு பேருக்கும் நன்றி. போளை நிறையவே இருந்துச்சு, முங்கி வெட்டி எடுத்தேன், ஒரு கூடை இருக்கும். எடுத்ததும் 120 போனது 111 ஆச்சு. ஆனா ஜெட்டில கட்டிவச்சு அமுக்கினா இப்பவும் 118 போகுது, 15 செகண்ட்ல கட் ஆயிடுச்சு.

செல் ரீடிங் இதோ. நிக்கும்போது 16 செல்லும் 3.28, 3.29, எல்லாம் ஒண்ணு போல. லோடுல 15 செல் 3.12 கிட்ட, 11வது செல் மட்டும் 2.51! அப்போ அந்த ஒரு செல் செத்துடுச்சா? அதை மட்டும் மாத்தலாமா?

100% பத்தி கேட்டீங்கள்ல, இப்போதான் கவனிச்சேன், ஒரு மாசமா சார்ஜர் 91, 92-லயே நின்னுடுது. நல்லதுக்குத்தான்னு விட்டுட்டேன்.

டாங்டெஸ்டர்:

ஆஹா, அந்தக் கடைசி வரிதான் துப்பு! சார்ஜ் ஏறும்போது அதே 11வது செல் மத்ததை விட கூட காட்டுதான்னு பாருங்க. காட்டுச்சுன்னா பெரும்பாலும் செல் நல்லாத்தான் இருக்கும், ஜாயிண்ட்தான் கெட்டிருக்கும்.

ஏன்னா பிஎம்எஸ்ஸோட மெல்லிசு சென்ஸ் வயர் (வோல்ட்டேஜ் படிக்கிறது) பஸ்பார் (செல்லையும் செல்லையும் இணைக்கிற உலோகப் பட்டை) மேல உக்காந்திருக்கும். நட்டு லூஸாகி, இல்ல களிம்பு புடிச்சு அங்க ரெசிஸ்டன்ஸ் வந்துட்டா, அந்த டிராப்பையும் (அங்க வீணாகுற வோல்ட்டேஜ்) சேத்து செல் வோல்ட்டேஜ்னு பிஎம்எஸ் படிக்கும். உங்களுக்கு 0.6 வோல்ட் குறையுது, 118 ஆம்ப்ல, அப்போ ரெசிஸ்டன்ஸ் 5 மில்லி ஓம். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஆனா அந்த ஒரு நட்டுல மட்டும் 70 வாட் சூடு உக்காந்திருக்கு, கையை வச்சா பொசுங்கிடும். கரண்ட் இல்லாதப்போ டிராப்பும் இல்ல, அதனாலதான் நிக்கும்போது எல்லாம் சமம். சார்ஜ்ல கரண்ட் திரும்பி ஓடும், அப்போ அதே டிராப் கூட்டிக் காட்டும், 30 ஆம்ப்ல 0.15 வோல்ட். மத்த செல் எல்லாம் 3.5-ல நிக்கும்போதே 11வது 3.65 தொட்டுட்டதா நினைச்சு பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திடும். ஃபுல்லே ஆகலைனா பர்சன்டேஜ் கணக்கும் நாளாக நாளாக தப்பும், உங்க 42-ஐயும் ரொம்ப நம்பாதீங்க.

செல் உண்மையிலேயே வீக்கா இருந்தாலும் ரெண்டு பக்கமும் இப்படி ஆடலாம், அதனால மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வச்சு, ஒரு முனை செல் டெர்மினல் மேலயே, இன்னொரு முனை பஸ்பார் மேல, லோடுல பாருங்க. நல்ல ஜாயிண்ட்னா சில மில்லிவோல்ட்தான் வரும்.

கைனகரிக்காரன்:

ப்ரோ நீங்க எங்கயோ போயிட்டீங்க. 10க்கும் 11க்கும் நடுவுல உள்ள பஸ்பார், 11வது பக்கம், 590 மில்லிவோல்ட். மத்ததெல்லாம் 3, 4, அவ்வளவுதான். மூடியைக் கழட்டினா அந்த நட்டு சுத்தி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பா மாறியிருக்கு, அடில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கு. பாக்ஸோட காத்துத் துவாரம் சீட்டுக்கு அடில, மழைத்தண்ணி சொட்டுற எடத்துலயே வச்சிருக்காங்க. எப்படி சுத்தம் பண்றது, உப்புத்தாள் போடலாமா?

பழைய தோணி:

போடலாம், ஆனா அவசரப்படாதே. மொதல்ல மோதிரம், கைச்செயின், அரைஞாண் வெள்ளின்னா அதையும் கழட்டி வை, சிரிக்காதே, ஸ்பேனர் ரெண்டு டெர்மினல்ல பட்டா ஆயிரக்கணக்குல ஆம்ப் பாயும், ஸ்பேனரே வெல்டாகி ஒட்டிக்கும். ஸ்பேனர் கைப்பிடி பூரா டேப் சுத்து. மெயினை ஆஃப் பண்ணு, சார்ஜர் பிளக்கைப் புடுங்கு, சோலாரையும் பிரிச்சிடு, அதை எல்லாரும் மறந்துடுவாங்க.

செல் டெர்மினல் அலுமினியம், பஸ்பார் செம்பு மேல நிக்கல், நடுவுல ஈரம் போனா அந்த வெள்ளை மாவு வரத்தான் செய்யும். நைஸ் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, ஆக்சைடு வராம இருக்கிற பேஸ்ட் மெல்லிசா தடவி மாட்டு. டார்க் ரென்ச் கடன் வாங்கியாவது செல் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கு, கைபலம் காட்டினா அலுமினிய மரை வழுக்கிடும், அப்புறம் நிஜமாவே செல் போச்சு. ஒண்ணு கெட்டிருந்தா மீதி முப்பத்தொண்ணும் பார்த்துடணும், சோம்பல் படாதே.

திரும்பக் குடுக்கும்போது கன்ட்ரோலர் உள்ள கெப்பாசிட்டர் காலியா இருக்கும், பட்டுனு மெயின் போட்டா பெரிய பொறி வரும், சுவிட்ச் காண்டாக்ட் கருகும். ப்ரீ-சார்ஜ் பட்டன் (கெப்பாசிட்டரை மெதுவா நிரப்புறது) இருந்தா அதை அமுக்கி கொஞ்சம் நிறுத்தி அப்புறம் மெயின் போடு.

டாங்டெஸ்டர்:

அந்த மூடிக்குள்ள ஃபியூஸ் என்ன போட்டிருக்காங்கன்னும் பாத்துடுங்க. வீட்ல போடுற ஏசி எம்சிபி (தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச்) மாட்டியிருந்தா உடனே எடுங்க, டிசி ஆர்க்கை (கட் ஆகும்போது வர்ற மின்பொறி) அது சரியா அணைக்கும்னு நம்ப முடியாது.

கைனகரிக்காரன்:

மூணு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, மழை விடவே இல்ல. எல்லா ஜாயிண்ட்டும் கழட்டி மாட்டியாச்சு, டார்க் ரென்ச் பக்கத்து ஹவுஸ்போட் மெக்கானிக் சேட்டன் குடுத்தாரு, ரெண்டு பொறை ரொட்டி லஞ்சம். ஏசி எம்சிபிதான் ப்ரோ இருந்துச்சு! இப்போ பேட்டரி ப்ளஸ் பக்கத்துலயே டிசி ஃபியூஸ் போட்டாச்சு. காத்துத் துவாரத்தை மேல தூக்கி, கவுத்து வச்ச பைப் வளைவு போட்டுட்டேன். 12 வோல்ட் பேட்டரியும் வந்தாச்சு, தனியா.

ஜெட்டில கட்டிவச்சு 118 ஆம்ப்ல ரெண்டு நிமிஷம் விட்டேன், 11வது செல் 3.11, மத்ததும் அதேதான். நேத்து ராத்திரி சார்ஜர் முதல் தடவையா 100 தொட்டுச்சு. காலைல நெடுமுடி போயிட்டு வந்தேன், பழைய தோணி அண்ணன் சொன்ன மாதிரி கரையோரமா, 80 ஆம்ப்ல முடிஞ்சிடுச்சு.

ஓனர் அந்தக் கொட்டேஷன் தாள்ல கரிமீன் பொரிச்சு எண்ணெய் வடிய வச்சிருக்காரு.